எரியாத ஃபெல்ட்டும் நாகஜோதியின் இடது கையும்

நாகஜோதி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிகளை நம்பி வந்து, பெருமாநல்லூரில் லைன் வீட்டில் குடியேறிய குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். வலது கை உதவாமல் போன பிறகு எம்.எஸ்சி. வேதியியல் படித்தாள். சொல்லச் சொல்ல எழுத ஆள் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று இடது கையாலேயே எழுதித் தேறினாள். தலை பின்னவும் சுடிதாருக்கு நாடா முடியவும் ஒற்றைக் கையால் பழகிக்கொண்டாள். இந்தப் பிள்ளையை இனி யார் கட்டுவார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பல்லடம் ரோட்டில் ஒரு கையுறைக் கம்பெனியின் ஆய்வகத்தில் தனக்கென்று ஒரு மேசையைச் சம்பாதித்தாள். லேசில் எதிலும் கரையாத ஒரு பொருளை அந்த மேசையில் கரைய வைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் தொடவே இல்லை. கையெழுத்து. பாடமெல்லாம் இடது கையால் எழுதுவாள், ஆனால் பெயரை எழுதிக் கீழே கோடு இழுக்கிற இடம் வந்தால் பேனாவை மூடிவிடுவாள். பேங்கிலும் ரேஷன் கடையிலும் பரீட்சைக் கூடத்திலும் இடது கட்டை விரலை மையில் அழுத்தி நீட்டுவாள்.

"எம்மெஸ்ஸி படிச்சுப்புட்டு கைநாட்டு வைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி" என்பாள் அக்கா விஜயராணி.

"ஸ்கூல்ல பழகுன கையெழுத்து அந்தக் கையோட போச்சுக்கா. இந்தக் கையில போட்டா அது எங்கிட்டு என் கையெழுத்து? கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

அந்தக் கை போன கதையை லைன் வீடுகளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கை நசுங்கிவிட்டது என்பார்கள், மூன்று விரல் போய்விட்டது என்பார்கள். இரண்டும் சரியில்லை. போனது சுண்டுவிரல் ஒன்றுதான். மற்ற நாலும் இருக்கின்றன, மடங்காது. வெந்த தோல் இழுத்து ஆறியதில், மரத்தில் செதுக்கிய கை போல விரிந்தபடியே நின்றுவிட்டது. நசுங்கவில்லை, வெந்தது.

அப்பா மொக்கைச்சாமி ஒரு ஃபினிஷிங் கம்பெனியில் காம்பாக்டிங் மிஷின் ஓட்டுகிறார். பனியன் துணி துவைத்தால் சுருங்கும் அல்லவா, அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடுகிற மிஷின் அது. துணிக்கு ஆவி காட்டி, சூடான உருளைக்கும் தடித்த ஃபெல்ட்டுக்கும் நடுவே அழுத்தி ஓட்டும். அந்த ஃபெல்ட் சாதாரணக் கம்பளி இல்லை. மாதக்கணக்கில் சூட்டில் கிடந்தாலும் கருகாது. தேய்ந்து போனால் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவார்கள். புது ஃபெல்ட் ஏறுகிற அன்று மிஷினுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். பழைய ஃபெல்ட்டை ஆட்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அயர்ன் மேசைக்கு ஒரு துண்டு, குக்கர் இறக்கி வைக்க ஒரு துண்டு, டீக்கடைக்காரருக்கு ஒரு துண்டு. மீதியில் கட்டை விரலுக்குத் தனி இடம் விட்டு இரண்டு துண்டாக வெட்டி, தடித்த ஊசியால் தைத்துக் கையுறை செய்துகொள்வார்கள். எல்லா ஃபினிஷிங் கம்பெனியிலும் மிஷின் ஓரத்தில் அந்தக் கையுறை ஒரு ஜோடி தொங்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை ஒரு வித்தை மாதிரிக் காட்டுவார்கள். மொக்கைச்சாமியும் மகளுக்குக் காட்டினார். பி.எஸ்சி. முடித்து, மேலே சேருவதற்கு முன் இருந்த விடுமுறையில் அவள் அப்பாவோடு வேலைக்குப் போன முதல் நாள். தீப்பெட்டி உரசிக் கையுறையின் அடியில் பிடித்தார். ஃபெல்ட் கொஞ்சம் பழுத்தது, பற்றவில்லை.

"பாத்தியாத்தா? எரியவே எரியாது. இத மாட்டிக்கிட்டா எமன் வீட்டு அடுப்புலயும் கைய விடலாம்."

பற்றுகிறதா என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். நனைந்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த விடுமுறையிலேயே இன்னொரு நாள் யாரோ கையுறையை ஆவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக, அது தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. துணி கிழிந்து உருளையில் சுற்றிக்கொண்டது. மொக்கைச்சாமி மிஷினின் அந்தக் கடைசியில் இருந்தார். நாகஜோதி பக்கத்தில் கிடந்ததை மாட்டிக்கொண்டு, சுற்றிய துணியை இழுக்கக் கையை விட்டாள். ஃபெல்ட் குடித்திருந்த தண்ணீர் அப்படியே கொதித்தது. கையை உதறப் பார்த்தாள். பலகை போல விறைத்த அந்தக் கையுறைக்குள் விரலை மடக்க முடியவில்லை. மடக்கினால்தானே உருவ முடியும்? அதற்குள் அதன் நுனி உருளைக்கும் மிஷின் ஃபெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மொக்கைச்சாமி ஓடி வந்து சிவப்பு பட்டனை அடித்தார். கையுறையை பிளேடால் கிழித்துத்தான் எடுத்தார்கள். அது அப்போதும் கருகவில்லை. புதிது மாதிரியே இருந்தது.

மொக்கைச்சாமி அதற்குப் பிறகு யாருக்கும் தீப்பெட்டி உரசிக் காட்டவில்லை. ஆனால் வேலையும் அதுதான், மாட்டிக்கொள்ளக் கையுறையும் அதுதான். வேறு இல்லை. காலையில் போனதும் அதைச் சூடான தகட்டில் போட்டுக் காய வைத்துப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மிஷினை எடுப்பார். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடப் பாடத்தில் அந்த ஃபெல்ட் வந்தது. கரும்பலகையில் வாத்தியார் படம் போட்டபோது, அவள் மடியில் கிடந்த வலது கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அக்காவுக்குச் சொல்லிக் காட்டினாள். அதன் பெயர் அரோமாடிக் பாலிஅமைடு. ஆறு கார்பன் சேர்ந்த கெட்டியான வளையங்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. சங்கிலி என்றுதான் பெயர், வளையாது. கம்பி மாதிரி நீட்டி நிற்கும். ஒரு கம்பி பக்கத்துக் கம்பியோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சூடு தாங்குகிறது. அதனால்தான் உருக்கவும் முடியாது, ஏனென்றால் உருகுவதற்கு முன்னாலேயே சிதைந்துவிடும். கொடிய அமிலம் மாதிரி ஒரு சிலவற்றைத் தவிர வேறெதிலும் கரைக்கவும் முடியாது. கரையாத பொருளை மெல்லிசாகக் கையுறையில் எப்படிப் பூசுவது?

"அப்ப என்னதாண்டி செய்யிறது?"

"நடுநடுவுல வளையிற துண்டு ஒண்ண வச்சுக் கோக்கணும்க்கா. கதவுக்குக் கீல் வைக்கிற மாதிரி. நம்ம காட்டன்ல கொஞ்சூண்டு லைக்ரா விட்டா துணி எப்படிக் குடுக்குது? அது மாதிரி. கீல் இருந்தா சங்கிலி மடங்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நடுவுல கரைக்கிற திரவம் உள்ள பூந்துரும்."

"நெறைய வச்சா?"

"லைக்ரா நெறைய வச்சா என்ன ஆகும்? சூட்டுக்குத் தாங்காதுல்ல. அதேதான்."

விஜயராணிக்கு அது உடனே புரிந்தது. அவள் ஒரு பனியன் கம்பெனியில் ஹீட் பிரஸ்ஸில் நிற்கிறாள். டி-ஷர்ட்டின் நெஞ்சில் படத்தை வைத்துச் சூடான தகட்டை இறக்கி ஒட்டுகிற வேலை. எந்தத் துணி எவ்வளவு சூட்டுக்கு முகம் சுளிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கைமுட்டிகளிலும் வரிவரியாகத் தழும்பு உண்டு. முட்டியில் விழுந்தவற்றைக் காயமென்றே அவள் சேர்ப்பதில்லை.

கையுறைக் கம்பெனி முதலாளி தங்கதுரை வெள்ளகோவில்காரர். நேர்முகத்துக்குப் போன அன்று அவர் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. ஒத்தக் கையில பீக்கரு எப்படிங்க புடிப்பீங்க?"

"பீக்கரப் புடிக்கிறதுக்கு கிளாம்ப் இருக்கு சார். யோசிக்கிறதுக்குத்தான் கிளாம்ப் இல்ல."

அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வேலை கிடைத்தது. அவர் கெட்டவர் இல்லை. மெல்லிசாக, மடங்குகிற மாதிரி, சூடு தாங்குகிற கையுறை ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று அவள் கேட்டபோது, ஜன்னல் ஓரத்து மேசையைக் காலி செய்து கொடுத்தார். "வர்ற தீவாளி கழிஞ்சதும் எனக்குச் சரக்கு வேணுங்க கண்ணு. இல்லாட்டி அந்த மேசைய நான் பேக்கிங்குக்குக் குடுத்துருவேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது சிரிப்புக்குச் சொன்னது இல்லை என்று ஆய்வகப் பொறுப்பாளர் கோமளாவுக்குத் தெரியும். அவர் மேற்பார்வையில்தான் நாகஜோதி வேலை செய்தாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

அந்த மேசை போனால் கையுறையும் போகும். அவளுக்கு அது வெறும் வேலை இல்லை. அப்பா தினமும் காலையில் காய வைத்துப் புரட்டிப் பார்க்கிற அந்தப் பலகையைக் குப்பையில் போட வேண்டும். அதற்காகத்தான் அவள் அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

முதல் மழைக்காலம் முழுக்கத் தோல்விதான். இரண்டு மருந்துகளைக் குளிர்ந்த கரைப்பானில் சேர்த்தால், அவை கைகோத்துச் சங்கிலியாக நீள வேண்டும். நீளவில்லை. காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே புகுந்து, கோக்க வேண்டிய நுனியைத் தின்றுவிட்டது. சங்கிலி குட்டையாகவே நின்றது. கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காய வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"மறுக்காவும் ஈரந்தானுங்களா ஜோதி?" என்று கோமளா கேட்டார்.

"மறுக்காவும் ஈரந்தான் மேடம். எனக்கும் அதுக்கும் ஜென்மப் பகை."

பாத்திரங்களை அடுப்பில் காய வைத்து, மூடி போட்டு, நைட்ரஜன் விட்டு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் செய்யப் பழகினாள். குப்பி மூடியைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கித் திறப்பாள். கோமளா முதலில் பதறினார், பிறகு பார்க்காதது போல இருக்கக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் குடுவையில் கலக்கும் குச்சி நின்றே போகிற அளவுக்குத் திரவம் கெட்டிப்பட்டது, பாகு பதம் வந்த மாதிரி. அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் ஊற்றினாள். இடியாப்பம் பிழிகிற மாதிரி வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கியது.

"அய்யோ, சந்தகையாட்டவே இருக்குதுங்க!" என்று கோமளா கை தட்டினார்.

கீல் குறைவாக வைத்த சரக்கு குடுவையிலேயே இறுகித் திரிந்து போனது. கையுறையில் பூசினால் காய்கிறபோது வெடித்தது. கீல் அதிகம் வைத்த சரக்கு வெண்ணெய் மாதிரிப் பரவியது. மெல்லிய பின்னல் கையுறையை அதில் முக்கிக் காய வைத்து எடுத்தபோது, அது உள்பனியன் போல மடங்கியது. நாகஜோதி அதைத் தன் வலது கையில் மாட்டிக்கொள்ள முடியாது. அக்காவிடம் கொண்டு போய்க் கொடுத்தாள். விஜயராணி மாட்டி, விரல்களை மடக்கி, ஒரு ஊசியைத் தரையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மொக்கைச்சாமி கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத ஜோடி எனக்குத்தாண்டி. எங்க கம்பெனி புள்ளைக முன்னாடி போட்டுக்கிட்டு நிக்கணும்."

"பொறுக்கா. இன்னும் சூடு காட்டணும்."

தங்கதுரைக்குப் பொறுமை இல்லை. உலர்ந்த கையுறையைச் சூடான தகட்டில் வைத்துப் பார்த்த சோதனை நன்றாக வந்திருந்தது. கோமளா அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். அதைக் காட்டியே ஹீட் பிரஸ் வைத்திருக்கிற கம்பெனிகளில் ஆர்டர் பேசிவிட்டார். தீபாவளிக்குப் பின் முதல் லாட் பெட்டிகளில் அடுக்கப்பட்டது. அதில் ஒரு பெட்டியின் மேல் விஜயராணி வேலை செய்கிற கம்பெனியின் பெயர் இருந்தது.

கையுறைக்கு ஈரச் சோதனை என்று அங்கே எதுவும் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. நாகஜோதிதான் கேட்டாள். கையுறையை நனைத்துப் பிழிந்து, பிரஸ் எவ்வளவு சூட்டில் ஓடுமோ அந்தச் சூட்டில் தகட்டை வைத்து, மேலே எடை ஏற்றினாள். எடையை எடுத்தபோது கையுறை வரவில்லை. உரித்தாள். பூச்சு பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு தகட்டோடு நின்றது. வளைவதற்காக வைத்த கீல்களே சூட்டில் இளகிவிட்டன. ஈரம் சேர்ந்ததில் இன்னும் முன்னாலேயே இளகின. திரும்பத் திரும்பப் பார்த்தாள். தகட்டிலிருந்து உரிக்கிற சத்தம் மாறவில்லை. கையுறைக்குள் கை இருந்திருந்தால் அதுவும் தகட்டோடுதான் நின்றிருக்கும். அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும். முட்டியில் வரிவரியாகத் தழும்பு விழுந்த கை.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. விஜயராணி தட்டை முன்னால் நகர்த்தினாள்.

"என்னடி, ஊத்திக்கிச்சா?"

"ஊத்திக்கிச்சுக்கா. அந்த கிளவுஸ் உங்க கம்பெனிக்கு வந்தா தொடாத."

"நான் தொடல. மத்தவளுக?"

மொக்கைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ரிப்போர்ட்டை அடித்துக் கோமளாவின் மேசையில் வைத்தாள். கோமளா படித்தார். மறுபடியும் படித்தார்.

"சரியாத்தானுங்க எழுதீருக்கீங்க. ஆனா நான் இதுல கையெழுத்துப் போட முடியாதுங்க ஜோதி. போட்டா உங்களோட சேத்தி எனக்கும் கதவச் சாத்திருவாரு. எனக்கு வேற போக்கிடம் இல்லீங்க."

கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் வெறும் காகிதம். சரக்கு தேறவில்லை என்கிற ரிப்போர்ட்டில் ஆய்வகத்து ஆள் ஒருவரின் கையெழுத்தும் ஆய்வக முத்திரையும் விழுந்துவிட்டால், அதைத் தாண்டி ஒரு பெட்டியும் வெளியே போக முடியாது. அது வெளிநாட்டு வாங்குபவர்களுக்காகத் தங்கதுரையே போட்ட சட்டம். அவர் அதற்குள் வந்துவிட்டார். லாரி வாசலில் நின்றது.

"என்னுங்க அம்மிணி இது? பிரஸ்ல வேல செய்யறவங்க கிளவுஸ நனச்சுப்போட்டா மாட்டுவாங்க? ஈரக் கையுறையோட சூட்டுல யாருங்க கைய வெப்பாங்க?"

"நான் வச்சேன் சார்."

அவர் அவள் வலது கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "பாருங்க கண்ணு. நீங்க பண்ணுன பொருளு. நானா பண்ணுனேன்? நீங்களே பெத்து நீங்களே கழுத்த நெரிக்கறீங்களே. இந்த லாட்டு போகட்டும். அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்."

"கீலக் கொறைக்கணும் சார். கொறச்சா பூச்சு வெடிக்குது. நடுவுல ஒரு எடம் இருக்கு, அத நான் இன்னும் புடிக்கல. இன்னும் ஒரு மழக்காலம் குடுங்க."

"தீவாளி முடிஞ்சுபோச்சுங்க. லாரி நிக்குது. யாரு கையெழுத்துப் போடறது இதுல? கோமளா போடல. நீங்க கைநாட்டு வெப்பீங்களா? கட்ட வெரல் ரிப்போர்ட்டக் காட்டுனா பையர் சிரிப்பானுங்க."

அவர் மனதில் வன்மம் இல்லை, இருந்தும் அப்படிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே ஜன்னலைப் பார்த்தார். மை ஒற்றும் பெட்டி எதிரில் இருந்தது. நாகஜோதியின் இடது கை பழக்கமாக அந்தப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது.

கோமளாவின் கோட்டுப் பாக்கெட்டில் செருகியிருந்த பேனாவை உருவினாள். மூடியைப் பல்லால் கழற்றினாள். காகிதம் நகராமல் இருக்க, விரிந்தபடி நின்ற வலது கையை அதன் மேல் எடை மாதிரி வைத்தாள். வெந்த பிறகு அந்தக் கை செய்த ஒரே வேலை அதுதான், ஆனால் அதைச் சரியாகச் செய்தது. 'மொ. நாகஜோதி' என்று தமிழில் எழுதினாள். 'ஜோ' இரண்டு முறை தடுமாறியது. பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி கீழே கோடு இழுக்கவில்லை. கோழி கிண்டினது போலத்தான் இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கோமளா எழுந்து முத்திரையை எடுத்து அதன் பக்கத்தில் குத்தினார். அவரும் அதைச் செய்தார் என்பதை இங்கே எழுதாவிட்டால் பாவம்.

லாரி வெறுமையாகப் போனது. தங்கதுரை கத்தவில்லை. பெட்டிகளைக் குடோனுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மத்தியானத்துக்குள் ஆட்கள் வந்து ஜன்னல் ஓரத்து மேசையைப் பேக்கிங்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடுவைகளைக் கழுவிக் கவிழ்க்க மட்டும் அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. இப்போது ஒரு சாயப்பட்டறையில், துணித் துண்டுகளின் நிறம் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிற வேலையில் இருக்கிறாள். மொக்கைச்சாமி இன்றைக்கும் காலையில் அந்த ஃபெல்ட் கையுறையைத் தகட்டில் காய வைத்துப் புரட்டிப் பார்த்துத்தான் மாட்டுகிறார். விஜயராணி வெறும் கையோடுதான் பிரஸ்ஸில் நிற்கிறாள். அவளுக்கு இரண்டு கையும் இருக்கின்றன.

அந்த ரிப்போர்ட்டின் ஒரு நகலை நாகஜோதி அக்காவிடம் கொடுத்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று விஜயராணி சொன்னதற்கு, தோற்றுப் போன சோதனையை எந்த மூளைகெட்டவள் சட்டம் போடுவாள் என்று கேட்டாள். அதனால் அது பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே அவள் இடது கையாலேயே எழுதிய தேதி: 2024 நவம்பர் 21, வியாழக்கிழமை.